மங்கல் மேகத்துக்கு ஒரு சாட்சி

ஆஸ்பத்திரி லேபில் முப்பத்தோரு வருஷமாகச் சளி பார்க்கிறவளை எல்லாரும் நூறக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் எப்படியோ உயிர் பிழைத்திருந்தது. நுண்ணோக்கியின் கீழ் வைக்கிற ஒவ்வொரு கண்ணாடிச் சில்லிலும் நூறு இடம் பார்த்துவிட்டுத்தான் 'இல்லை' என்று எழுத வேண்டும் என்பது அங்கே விதி. விதி என்னவோ எல்லாருக்கும்தான். மற்றவர்கள் நாற்பதில் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவள் மட்டும், பெரிய டாக்டரே வந்து பின்னால் நின்றாலும் திரும்பாமல், "இருங்க, எழுபத்தெட்டு" என்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று சும்மா சொல்கிறோமே, அதை நேரில் பார்க்க வேண்டுமானால் அந்த லேபுக்குத்தான் போக வேண்டும்.

வேலை என்னவென்றால், நீலமாகச் சாயம் ஏறிய பரப்பில் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள் இருக்கின்றனவா என்று தேடுவது. அந்தக் குச்சிதான் காசநோய்க் கிருமி. நிறைய இருந்தால் சந்தேகமே இல்லை. நூறு இடத்தில் மொத்தம் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை இருந்தால்தான் தலைவலி. அப்போது எண்ணிக்கையை அப்படியே எழுதி, சில்லை இன்னொருவரிடம் தள்ளிவிட வேண்டும். அவருக்கு ரெண்டாம் ஆள் என்று பெயர். முதல் ஆள் என்ன கண்டார் என்பது ரெண்டாம் ஆளுக்குத் தெரியக் கூடாது. போதாததற்கு, கிருமியே இல்லாத வெற்றுச் சில்லு ஒன்றையும் சொல்லாமல் கொள்ளாமல் நடுவில் சொருகி வைப்பார்கள். அதிலும் ஒருவர் 'கண்டேன்' என்று எழுதினால், அவர் கண்ணால் பார்க்கவில்லை, வாயால் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். நூறக்கா அந்த வெற்றுச் சில்லில் ஒருமுறைகூட மாட்டியதில்லை.

கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை எதையும் தேட வேண்டாம். அப்பா எட்டு வருஷம் படுக்கையில் கிடந்தார், தங்கை படித்துக்கொண்டிருந்தாள், அப்புறம் தங்கைக்கு வரன் வந்தது, அப்புறம் நேரமாகிவிட்டது. யாராவது உச்சுக் கொட்டி "தியாகம்" என்று ஆரம்பித்தால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "யாரும் வந்து கேக்கல, அவ்வளவுதான்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவாள்.

ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் மூன்றாம் மாடி, இரண்டு அறை. அதற்கு மேலே மொட்டைமாடி. குடியிருப்பு ஊரின் கடைசியில் இருந்தது. அதற்கப்பால் கல்லும் முள்ளுமான வெற்று நிலம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கை போன் செய்வாள். அந்தப் போனைத் தவிர, சனி மத்தியானம் லேபைப் பூட்டியதிலிருந்து திங்கள் காலை திறக்கும்வரை நூறக்கா வாயைத் திறந்து பேசுவதற்கு வேலையே இராது. சில திங்கட்கிழமைகளில் முதல் வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டு கரகரவென்று வரும். கூட வேலை செய்கிறவர்கள் சளி பிடித்திருக்கிறதா என்று விசாரிப்பார்கள். அவளும் ஆமாம் என்று சொல்லி வைப்பாள்.

அப்படி இருந்தவள் வீட்டுக்குள் தொலைநோக்கி ஒன்று வந்து சேர்ந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். மாற்றலாகிப் போன எலும்பு டாக்டர், வண்டியில் இடமில்லை என்று விட்டுவிட்டுப் போனது. ஆசையாக வாங்கி, இரண்டு முறை நிலாவைப் பார்த்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார் மனுஷர். ஆறு அங்குலக் கண்ணாடி, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான குழாய், அடியில் மரப்பெட்டி போல ஒரு பீடம். காவல்காரர் அதைப் பீரங்கி என்று பெயர் வைத்துக் கூப்பிட்டார். இவள் குழாயை ஒரு நடை, பீடத்தை ஒரு நடை என்று தானே மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போவாள். குனிந்து கண் வைத்துப் பார்ப்பது அவளுக்குப் புதிதா என்ன? இரண்டு கண்ணையும் திறந்தபடியே ஒரு கண்ணால் பார்க்கிற வித்தை பகலெல்லாம் பழகியதுதான்.

நிலா, சனியின் வளையம் எல்லாம் ஒரு மாதத்தில் முடிந்தது. அவை நிறையக் கிருமி உள்ள சில்லு மாதிரி; யார் பார்த்தாலும் தெரியும். அவளைப் பிடித்து நிறுத்தியது கார்த்திகைக் கூட்டத்தில் ஒரு நட்சத்திரம். கூட்டத்தின் தெற்கு ஓரமாக நிற்கும் அதற்கு மெரோப்பி என்று பெயர். அதன் பக்கத்தில் மிக மங்கலாக ஒரு மேகம் உண்டு என்று நட்சத்திரப் படப் புத்தகத்தில் போட்டிருந்தது. அந்த மேகத்துக்குச் சொந்தமாக ஒளி கிடையாது. வெறும் தூசி. மெரோப்பியின் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புவதால்தான் தெரிகிறது. அதுவும் தெரிகிறவர்களுக்குத்தான் தெரிகிறது. அந்தத் தூசி அந்த நட்சத்திரத்தோடு பிறந்ததும் இல்லையாம். போகிற வழியில் எதிர்ப்பட்டதாம். நூறக்கா அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தாள்.

முதல் குளிர்காலத்திலேயே கண்டுவிட்டாள். மெரோப்பியைச் சுற்றிப் பால் சிந்தியதுபோல் ஒரு வெண்மை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆளில்லாததால் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, "இருக்கு" என்றாள். பிறகு பழக்கதோஷத்தில், கார்த்திகைக்குக் கொஞ்சம் கிழக்கே, ரோகிணியைச் சுற்றி இருக்கும் கூட்டத்தில் அதே அளவு ஒளியுள்ள இன்னொரு நட்சத்திரத்துக்குக் குழாயைத் திருப்பினாள். அங்கே மேகம் கிடையாது. அது வெற்றுச் சில்லு. ஆனால் அங்கேயும் அதே பால். கண் வைக்கிற வில்லையை விரலால் தடவிப் பார்த்தாள். குளிரில் அவளுடைய மூச்சுப் பட்டுக் கண்வில்லை பூத்துப் போயிருந்தது. விட்டால் தன் மூச்சையே நட்சத்திர மேகம் என்று எழுதி வைத்திருப்பாள். அன்றைக்கு அவளுக்குத் தன் மேலேயே வந்த கோபத்துக்கு அளவில்லை.

அதிலிருந்து வாயில் துணி கட்டிக்கொண்டு பார்த்தாள். ஒவ்வொரு முறையும் முதலில் வெற்று நட்சத்திரம், பிறகு மெரோப்பி. நூறு இரவு பார்க்காமல் உண்டு என்றோ இல்லை என்றோ முடிவு சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டாள். அதிலும் நிலா இல்லாத நாள், வானம் மூடாத நாள், உடம்பு ஒத்துழைக்கிற நாள் என்று பார்த்தால் ஆறு வருஷத்தில் எழுபத்தொரு இரவுதான் தேறியது. அதில் ஒன்பது இரவு, வெற்று நட்சத்திரம் ஊசி முனையாக நிற்க, மெரோப்பிக்குப் பக்கத்தில் மட்டும் விசிறி விரித்ததுபோல் ஏதோ இருந்தது. நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். ஓரக்கண்ணால் பார்த்தால் இருக்கும். ஒன்பது. நோட்டில் எண்ணிக்கையை அப்படியே எழுதினாள். லேபாக இருந்தால் அடுத்த அறைக்குத் தள்ளிவிடலாம். மொட்டைமாடியில் எந்த அறைக்குத் தள்ளுவது?

காவல்காரரை ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டு, "ஒரே இருட்டா இருக்கும்மா, மூடி போட்டிருக்கா?" என்றார். லேபில் கூட வேலை பார்க்கும் பெண், வருகிறேன் வருகிறேன் என்று மூன்று குளிர்காலம் சொன்னாள். தான் காண்பது உண்மைதானா என்று சொல்ல, உலகத்தில் ஒரே ஒரு ஆள் போதும். அந்த ஒரு ஆள்தான் இல்லை. இதை அவள் தன்னிரக்கமாக நினைக்கவில்லை. ரெண்டாம் ஆள் இல்லாத முடிவு செல்லாது, அவ்வளவுதான்.

இந்த நிலைமையில் வேலை ஓய்வு வந்தது. மாதக் கடைசியோடு முடிகிறது. அடுத்த முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்ற கேள்விக்குத் தங்கை ஒரு வருஷமாகவே போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க வீடு இருக்கும்போது நீ ஏன் யோசிக்கற? எல்லாரும் உன்னத்தான் எதிர்பாத்துட்டிருக்கோம்." நூறக்கா முதலில் பிகு பண்ணினாள். அப்புறம் மெல்ல மெல்ல மனசு இளகிற்று. தங்கை வீட்டு மாடியறை, மாலையில் நாலு பேர் பேசும் சத்தம், சாப்பிடும்போது எதிரில் ஒரு முகம். லேபில் எல்லாரிடமும் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். பாத்திரத்தில் பாதியைக் காவல்காரர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

சாமான் கட்ட உதவுவதற்கென்று தங்கை இரண்டு நாள் வந்தாள். தங்கை நல்லவள், அதில் சந்தேகம் வேண்டாம். எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவள். சின்ன வயதில் அக்காவின் கரிந்துபோன சமையலைக்கூட ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே கண்ணில் நீர் வரச் சாப்பிட்டவள்.

முதல் நாள் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. நிலா இல்லை. இருட்டியதும், ஏழரை மணிக்கு நூறக்கா தங்கையை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனாள். ரெண்டாம் ஆள் வாய்த்துவிட்டாள் என்று உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

"போன உள்ளயே வெச்சிட்டு வா. வெளிச்சம் பட்டா கண்ணு இருட்டுக்குப் பழகாது. இருபது நிமிஷம் சும்மா இருட்டுல உக்காரணும்."

"இருபது நிமிஷமா? என் வீட்டுக்காரர்கூட நான் சேந்தாப்பல அவ்வளவு நேரம் சும்மா உக்காந்ததில்ல" என்றாள் தங்கை. ஆனாலும் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் மாடியறையைப் பற்றிப் பேசினாள். ஜன்னல் பக்கம் கட்டில், அதற்கு எதிரில் அலமாரி, புதிதாகத் திரை. நூறக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நேராப் பாக்காத. ஓரக்கண்ணால பாரு. அப்பத்தான் தெரியும்."

"இந்த ஓரக்கண்ண இருபது வயசுல யூஸ் பண்ணியிருந்தா நீ இந்நேரம் பாட்டி ஆயிருப்ப" என்று தங்கை சிரித்தாள். நூறக்காவும் சிரித்தாள். அவளுக்கு வாயில் துணி கட்டிவிட்டாள்.

முதலில் வைத்தது வெற்று நட்சத்திரத்தை. தங்கை மேல் சந்தேகம் எதுவும் இல்லை. எழுபத்தொரு இரவும் தனக்குச் செய்துகொண்டதையே அவளுக்கும் செய்தாள்.

"பக்கத்துல புகை மாதிரி ஏதாவது இருக்கா, இல்லையா? இல்லன்னா இல்லன்னு சொல்லு."

தங்கை ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். "ம்... ஆமாக்கா. தெரியுது. வெள்ளையா, புகை மாதிரி. ரொம்ப அழகா இருக்கு."

நூறக்கா அவளை நகர்த்திவிட்டுத் தான் பார்த்தாள். கண்வில்லை உலர்ந்திருந்தது. நட்சத்திரம் ஊசி முனையாக நின்றது. சுற்றிலும் சுத்தக் கருப்பு. அதே கூட்டத்தில் இன்னொரு நட்சத்திரத்தை வைத்தாள். அதிலும் ஒன்றும் கிடையாது.

"இதுல?"

"ம்... ஆமாக்கா. இதுலயும் இருக்கு. கொஞ்சம் கம்மியா."

கடைசியாக மெரோப்பியை வைத்தாள்.

"ம்... ஆமாக்கா. இதுலதான் சூப்பரா தெரியுது."

நூறக்கா பீடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று தடவையும் அந்த 'ம்... ஆமாக்கா' ஒரே மாதிரி இருந்தது. கொஞ்சம் இழுத்து, முடிவில் கொஞ்சம் தூக்கி. அதை அவள் வேறெங்கோ கேட்டிருக்கிறாள். வேறெங்கோ என்ன, ஒரு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டிருக்கிறாள். மாப்பிள்ளைக்குச் சம்மதம்தானே என்று கேட்டால், ம், ஆமாக்கா. பசங்களுக்கு இடைஞ்சல் இல்லையே என்றால், ம், ஆமாக்கா. வெற்றுச் சில்லிலும் கண்டேன் என்று எழுதுகிறவரின் மற்றச் சில்லுகளை என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பப் பார்க்க வேண்டும்.

"அந்த மாடி ரூம்ல இப்ப யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"ஏன்கா திடீர்னு?"

"சொல்லு."

"இப்போதைக்குப் பெரியவனும் அவன் பொண்டாட்டியும். அவ வாயும் வயிறுமா இருக்கா. கீழ சத்தம்னு... நீ வந்ததும் மாத்திக்கலாம்."

"மாப்பிள்ள என்ன சொன்னாரு?"

"அவரு என்ன சொல்லப் போறாரு. அவருக்கும் சந்தோஷம்தான்."

"நான் மொதல்ல காட்டின ரெண்டும் வெறும் நட்சத்திரம். அதுல ஒண்ணுமே கிடையாது" என்றாள் நூறக்கா. குரலை உயர்த்தவில்லை.

தங்கை வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். இருட்டில் முகம் தெரியவில்லை. "நீ ஆசை ஆசையா காட்டற. இல்லன்னு எப்படிக்கா சொல்றது?" என்றாள்.

"மாப்பிள்ள என்ன சொன்னாரு?"

"ஒரு மாசம்னா சரின்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் வேற எடம் பாத்துக்கட்டும்னாரு. நீ வந்து ஒரு மாசம் இருந்துட்டா அப்படியே பழகிடும், நான் எப்படியாவது சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன். சத்தியமா உன்ன ஏமாத்தணும்னு இல்லக்கா." தங்கை அழ ஆரம்பித்தாள்.

நூறக்காவுக்கு வலித்தது. கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று பார்த்தாள், வரவில்லை. தங்கை பொய் சொன்னது அன்பினால்தான். அதுதான் இன்னும் வலித்தது. ஒரு வருஷமாகத் தான் தினமும் படுக்கப் போகுமுன் மனசுக்குள் அடுக்கி வைத்த கட்டிலும் அலமாரியும் யார் யாருடையதோ. யாருமே கேட்காத இடத்துக்குப் பாத்திரத்தையெல்லாம் தானம் செய்துவிட்டுப் புறப்பட இருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"நான் வரல" என்றாள்.

"அப்படிச் சொல்லாதக்கா" என்றாள் தங்கை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு மூச்சு விட்டாள். அவளே அறியாமல் விட்ட நீளமான மூச்சு. அது நிம்மதி என்பதைக் கண்டுகொள்ள நூறு இடம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு தங்கை மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அந்தக் கடைசியா காட்டினத மறுபடி வை" என்றாள். நூறக்கா வைத்தாள். தங்கை இந்த முறை கண்ணைப் பொத்தவில்லை. முதுகு வலிக்க, நட்சத்திரம் நகர்ந்து போகும்போதெல்லாம் அக்கா குழாயைத் தட்டிச் சரிசெய்ய, கால் மணி நேரம் பார்த்தாள்.

"இல்லக்கா" என்றாள் கடைசியில். "எனக்கு ஒண்ணும் தெரியல. கருப்பாதான் இருக்கு."

"சரி" என்றாள் நூறக்கா. ஆறு வருஷத்தில் அந்த மாடியில் அவளோடு ஒருவர் உண்மையாக நின்றது அந்தக் கால் மணி நேரம்தான்.

மறுநாளும் இருந்து தங்கை சாமானைக் கட்டிக் கொடுத்தாள், எங்கே போகப்போகிற சாமான் என்று தெரியாமலே. மூன்றாம் நாள் காலை பஸ் ஏறும்போது, "அடுத்த மாசம் வர்றேன்கா" என்றாள். நூறக்கா அவளையே பார்த்தாள். தங்கை தலையைக் குனிந்துகொண்டு, "வர முடியாதுன்னு நெனக்கறேன். கொழந்த பொறக்கற மாசம்" என்றாள். பஸ் போகும்வரை நின்றுவிட்டு நூறக்கா வீடு தேடக் கிளம்பினாள்.

நாலு நாள் அலைந்ததில், வெற்று நிலத்தை ஒட்டிய தெருவில் ஓர் இரும்புக்கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்தது. மொட்டைமாடிக்குத் தனிப் படி. தண்ணீர் ஒழுங்காக வரும் என்று வீட்டுக்காரம்மா சத்தியம் செய்தாள். பீரங்கியைப் பற்றிச் சொன்னதற்கு, தரையில் ஓட்டை போடாத எதுவானாலும் சரி என்றாள். எல்லாம் பேசி முடித்தபின், படியிலேயே நின்றுகொண்டு வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"எத்தன பேரு?"

"நான் ஒருத்திதான்."

"ஒருத்தின்னு சொல்லிட்டுத்தான் எல்லாரும் வர்றாங்க. அப்புறம் அண்ணன் தம்பி அக்கா தங்கச்சின்னு வாரத்துக்கு நாலு பேரு. சொந்தக்காரங்க வந்து போவாங்களா?"

ஆமாம், தங்கை வருவாள் என்று சொல்ல நூறக்காவின் வாய் தயாராகத்தான் இருந்தது. சொல்லியிருந்தால் கௌரவமாகவும் இருந்திருக்கும்.

"இல்ல" என்றாள். "யாரும் வர மாட்டாங்க."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு" என்று வீட்டுக்காரம்மா சந்தோஷமாகச் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.